முதலாளி வீட்டில் வெளியே திறந்த கதவுகள்

"என் வீடு என்ன மருந்து ரூமாலே?"

முதலாளி இப்படிக் கத்தியபோது அவருடைய மச்சினர் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். அடி ஒன்றும் படவில்லை. கதவு அவர் மூக்குக்கு நாலு விரல் தள்ளியே நின்றுவிட்டது. ஆனாலும் சொந்தக்காரர் வீட்டில் அடிபட வாய்த்த சந்தர்ப்பத்தை விட யாருக்கு மனசு வரும்?

நடந்தது இவ்வளவுதான். சிவகாசியில் புது வீட்டைப் பார்க்க முதலாளி தன் சொந்தங்கள் எட்டுப் பேரோடு வந்தார். படுக்கையறைக் கதவைத் திறந்து காட்டத் தள்ளினார். அசையவில்லை. உள்ளங்கையால் தள்ளினார். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினார். பக்கத்தில் பீடிங் பட்டையோடு நின்ற நான், "இழுங்க மொதலாளி" என்றேன். கோபத்தில் இழுத்தார். கதவு அறைக்குள் போகாமல் கூடத்துக்குள் வீசிக்கொண்டு வந்தது.

அடுத்த அறைக் கதவை மெதுவாக இழுத்துப் பார்த்தார். அதுவும் வெளியே வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கீழ்த்தளத்தில் ஆறு கதவு. ஆறும் கூடத்தைப் பார்த்துத் திறந்தன. கிரகப்பிரவேசத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

ஐந்தாறு வருடம் இருக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு திரிந்த காலம் ஓய்ந்து, நிறுத்தி வைத்திருந்த வீடுகளை எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டி முடிக்கப் பறந்த ஆவணி மாதம்.

கையும் அதன் பழக்கமும்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டு உள் கதவு மாட்டுகிறவன். காரியாபட்டிக்காரன். ஐ.டி.ஐ.யில் தச்சுப் பிரிவில் இடம் காலியாக இருந்ததால் தச்சனானவன். வேலை சரியாக நடக்கும்வரை எல்லா வீட்டிலும் என்னை 'ஆசாரி' என்பார்கள். ஒரு கதவு கோணிவிட்டால் போதும், "ஆமா, நீங்க ஆசாரிமாரா, இல்ல படிச்சுட்டு வந்தவுகளா?" என்று பூர்வீகம் விசாரிக்கத் தொடங்குவார்கள். கோணல் கையில் வந்ததா பிறப்பில் வந்ததா என்று தெரிந்துகொள்வதில் அப்படி ஒரு ஆர்வம்.

என் கூட்டாளி மாடசாமி. எம். புதுப்பட்டிக்காரன், குடியிருப்பது சிவகாசியில், என்னைவிட நாலைந்து வயது இளையவன், என்னைவிட நல்ல வேலைக்காரன். இதை அவனிடம் நான் சொன்னதில்லை. இப்போது எழுதுவதையும் அவன் படிக்கப் போவதில்லை. அவன் வாரப் பத்திரிகை வாங்குவது உளி சுற்ற.

மாடசாமி பத்து வருடத்துக்கு மேல் பட்டாசுக் கம்பெனிகளில் ரூம் கதவு மட்டுமே மாட்டியவன். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்து. மருந்து ரூம் என்றால், பட்டாசுக்குள் மருந்து செலுத்தும் பெண்கள் தரையில் ரப்பர் ஷீட் போட்டு உட்கார்ந்திருக்கும் சின்னக் கட்டடம். அதற்கு எதிரெதிராக வாசல் வைப்பார்கள். கதவு கண்டிப்பாக வெளியே திறக்க வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் கூடாது. ஏன் என்று கேட்டால், ஏதாவது ஒன்று என்றால் உள்ளே இருப்பவர் யோசிக்க மாட்டார், ஓடுவார். ஓடுகிற உடம்பு பட்டதும் கதவு திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கிற கதவில் முதலில் ஓடி வருகிறவரைப் பின்னால் வருகிறவர்கள் கதவோடு வைத்து அழுத்திவிடுவார்கள். பிறகு யாரும் இழுக்க முடியாது.

இதை மாடசாமிக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அவன் கைக்குத் தெரியும். அந்தக் கையோடு முதலாளி வீட்டுக்கு வந்தான், கை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது.

இப்போது உள் கதவுகளுக்கு நிலை ஒரே தட்டையாக வருகிறது. கதவு முட்டி நிற்க ஒரு ஒல்லிச் சட்டத்தை நாம்தான் அடிக்க வேண்டும். அதை அறைப் பக்கம் அடித்தால் கதவு வெளியே திறக்கும், கூடத்துப் பக்கம் அடித்தால் உள்ளே திறக்கும். மாடசாமி ஆறு நிலையிலும் அறைப் பக்கம் அடித்துவிட்டான்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். மாடியில் இருந்தேன். பிறகு கீழே வந்தேன், ஆறு கதவையும் திறந்து மூடிப் பார்த்தேன், எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று பாராட்டினேன், ஆறுக்கும் பீடிங் அடித்தேன். தப்பாகவே தெரியவில்லை. நானும் இரண்டு வருடம் அதே கம்பெனி ரூம்களில் கதவு மாட்டியவன்தானே.

பதினான்காவது கதவு

பீடிங் என்றால் என்னவென்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கொத்தனார் கட்டிய சுவரும் தச்சன் வைத்த நிலையும் எந்த வீட்டிலும் ஒட்டாது. நடுவே விரல் நுழையும் சந்து இருக்கும். அந்தச் சந்தை மறைத்து அடிக்கும் அழகான பட்டைதான் பீடிங். கொத்தனார் தப்பையும் மூடும், தச்சன் தப்பையும் மூடும். நிறையப் பேருக்கு இங்கே அதுதான் முழுநேரத் தொழில். என்ன, அவர்கள் கையில் சுத்தியல் இருக்காது.

அந்த வீட்டில் மூடுவதற்கு நிறைய இருந்தது. மதுரையிலிருந்து ஒரு டிசைனர் தம்பி வந்து போவார். அவர் மரத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை, போனில் படம் காட்டுவார். "இந்த ஃபீல் வரணும்ணே" என்பார். கதவுகள் கம்பெனியில் செய்து வந்தவை. உள்ளே அமுக்கிய மரத்தூள், மேலே தேக்கு மரத்தின் படம் அச்சடித்த தாள். எங்கள் ஊர் அச்சு ஊர். சாமி படம் அச்சடிப்பார்கள், காலண்டர் அச்சடிப்பார்கள். தேக்கையும் அச்சடித்துவிட்டார்கள் என்றால் பெருமைதானே.

டிசைனருக்கு மேலே ஒரு வாஸ்துக்காரர். வீட்டில் மொத்தம் பதின்மூன்று கதவு வருவதை அவர்தான் எண்ணிக் கண்டுபிடித்தார். கதவு ஒற்றைப்படையில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். ஒன்றைக் குறைக்கலாம் என்றேன். எதைக் குறைப்பது? பாத்ரூம் கதவையா? முதலாளியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ஒன்றைக் கூட்டினார்கள். மாடிப் படி ஏறும் இடத்தில் வெறும் சுவர் ஒன்று இருந்தது. அதன் மேல் நிலை வைத்து, கதவு மாட்டி, பித்தளைக் கைப்பிடி போட்டு, பூட்டும் பொருத்தி, சுற்றிலும் பீடிங் அடிக்கச் சொன்னார்கள். திறந்தால் சுவர். அதற்கும் சாவி இரண்டு கொடுத்தார்கள், ஒன்று தொலைந்தால் சிரமப்படக் கூடாது என்று.

அந்தச் சுவர்க் கதவை மாட்டிய அன்று மாடசாமி கைப்பிடியைத் திருகி ஒரு முறை திறந்தான். சுவரைப் பார்த்தான். மூடினான்.

"அண்ணே, அங்கன உசுரோட ஆளுக உக்காந்திருக்க ரூம்ல கதவு தொறக்க மாட்டேங்குது. இங்கன செவத்துக்குக் கதவு மாட்டி, எண்ணெ வேற போட்டுக்கிட்டிருக்கோம்."

ஏழாம் நம்பர் ரூம்

அவன் சொன்னது இதே முதலாளியின் கம்பெனியைத்தான். எம். புதுப்பட்டியில் இருக்கிறது. மாடசாமியின் மனைவி பேச்சியம்மாள் அங்கே மருந்து செலுத்துகிறாள். ஏழாம் நம்பர் ரூம். இரண்டு வாசல். கிழக்கு வாசலுக்கு வெளியே மழைத் தண்ணீர் தேங்குகிறது என்று யாரோ ஒரு புத்திசாலி சிமெண்டு பூசி மேடாக்கியிருந்தான். கதவின் அடி அதில் உரசத் தொடங்கியது. ஆவணியில் இரண்டு இடிமழை பெய்ததும் கட்டை ஊதி, கதவு சிமெண்டைக் கவ்விக்கொண்டது. பேச்சி உட்காரும் இடம் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்.

கதவைக் கழற்றி அடியைக் கொஞ்சம் இழைத்து மாட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு ரூமைக் காலி செய்ய வேண்டும், மருந்தை அப்புறப்படுத்தித் தரையைக் கழுவ வேண்டும், உள்ளே வேலை செய்யும் நாலு பேரையும் வெளியே உட்கார வைக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய சீசனில் இப்படி ஒன்றைச் செய்ய முதலாளி வாயிலிருந்து வார்த்தை வர வேண்டும். போர்மேன் தானாகச் செய்ய மாட்டார்.

ஒரு நாள் வேலை முடிந்து கம்பெனி வேனில் போகும்போது பேச்சி எங்கள் வேலையிடத்தில் இறங்கினாள். புருஷனிடம் அல்ல, நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க ரெண்டு பேரும் ஒரு எட்டு வந்து அந்தக் கதவப் பாருங்க. எனக்கு அங்கன உக்கார பயமா இருக்கு. கையி வேல செய்யுது, கண்ணு அந்தக் கதவு மேலேயே கெடக்கு."

"மொதலாளி சொல்லணுமேம்மா" என்றேன்.

"இவுகள விட்டுச் சொல்லச் சொல்லுங்க. தெனம் மொதலாளி மூஞ்சில முளிக்கிறீகள்ல."

சொன்னான். ஆறு கதவும் வெளியே திறந்த அதே நாளில், அதே கூடத்தில், முதலாளி எங்களை வறுத்தெடுத்து முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில் சொன்னான். மாடசாமிக்கு நேரம் காலம் பார்க்கத் தெரியாது. அல்லது நன்றாகத் தெரியும்.

"மொதலாளி, ஏழாம் நம்பர் ரூம்ல கெழக்குக் கதவு தொறக்க மாட்டேங்குதாம்."

"ரெண்டு கதவு இருக்குல்ல?"

"இருக்கு மொதலாளி."

"இன்னொன்னு தொறக்குதுல்ல?"

"தொறக்குது."

"பெறகென்னலே? சீசன் முடியட்டும். மொத இங்கன அம்புட்டுக் கதவையும் உள்ள தொறக்குற மாதிரி மாத்து. வர்றவன் போறவன் எல்லாம் மருந்து ரூம்னு சிரிக்கப் போறான்."

மச்சினர் அதற்கும் மூக்கைத் தடவிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மாடசாமி, "நாளைக்கு ஒரு பொழுது நான் கம்பெனிக்குப் போய் போர்மேன் கால்ல விழுந்தாச்சும் அத முடிச்சிட்டு வாரேன்" என்றான். நான் விடவில்லை. ஐந்து நாளில் ஆறு கதவைத் திருப்பிப் போட வேண்டும். பீடிங் எல்லாம் பிரித்து அடிக்க வேண்டும். இந்த வீட்டைச் சொல்லித்தான் அடுத்த நாலு பெரிய வீடு பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். "அஞ்சு நாள் பொறுலே. இத்தன நாளு ஒன்னும் ஆகலல்ல" என்றேன்.

இந்த வாக்கியத்தைச் சொன்னது முதலாளி இல்லை, நான். முதலாளிகளைக் கிண்டல் செய்து பக்கத்தை நிரப்பும்போது இதை மட்டும் பீடிங் அடித்து மூட எனக்கு மனசு வரவில்லை.

மாடசாமி உளியை எடுத்துப் பைக்குள் போட்டான். ஐந்து நாளும் என்னோடு அளவு தவிர வேறு எதுவும் பேசவில்லை.

கம்பளம்

கதவுகளைத் திருப்பிப் போட்டோம். சட்டத்தைப் பிடுங்கிக் கூடத்துப் பக்கம் அடித்தோம், கீல்களை மாற்றினோம், பழைய துளைகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தோம். ஆறு கதவும் ஒழுக்கமாக உள்ளே திறந்தன. முதலாளி வந்து ஒவ்வொன்றையும் ஒரு விரலால் தள்ளிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் மழை கொட்டியது. அதே நாள் முதலாளியம்மா பெரிய படுக்கையறையில் ஒரு கம்பளம் விரித்தார். கணுக்கால் புதையும் கம்பளம். காஷ்மீரிலிருந்து வந்ததாம். விருதுநகர் மாவட்டத்து வெயிலுக்குக் காஷ்மீர்க் கம்பளம் எதற்கு என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் என்னிடம் யாரும் கம்பளம் வரப் போகிறது என்றே சொல்லவில்லை. நான் கதவுக்கு அடியில் விட்டிருந்த இடைவெளி மார்பிள் தரைக்கு.

விசேஷத்தன்று ஊரே வந்தது. கம்பெனி வேனில் பேச்சியையும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களையும் காய் நறுக்கவும் பந்தியில் தண்ணீர் வைக்கவும் கூட்டி வந்திருந்தார்கள். எங்களுக்கும் வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, "ஓரமா நின்னுக்கோங்க, எதாச்சும் மக்கர் பண்ணுனா பாக்கணும்" என்று சொல்லியிருந்தார்கள். விருந்தாளிகள் சுவர்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டுப் போனார்கள். பெரிய இடத்து மரியாதை அது.

பால் காய்ச்சி, ஹோமம் முடிந்து, முதலாளி பட்டு வேட்டியை மாற்ற அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். சாத்தும்போது கம்பளத்தின் ஓரம் கதவுக்கு அடியில் சிக்கி இழுபட்டிருக்கிறது. மழையில் கதவும் கொஞ்சம் ஊதியிருந்தது. வேட்டி மாற்றிவிட்டுக் கதவை இழுத்தார். கம்பளம் சுருண்டு கதவைக் கவ்வியது. பலமாக இழுத்தார். டிசைனர் தம்பி படம் காட்டி வரவழைத்த இத்தாலிக் கைப்பிடி அப்படியே கழன்று அவர் கையோடு வந்துவிட்டது.

"ஏ... யாரது வெளிய?"

முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. அதன் பிறகுதான் ஊருக்கே கேட்டது.

எல்லோரும் கூடிவிட்டார்கள். மச்சினர் தள்ளினார். தள்ளத் தள்ளக் கம்பளம் இன்னும் சுருண்டது. சன்னல் வழியாக வரலாம் என்றால், திருடன் வராமல் இருக்க முதலாளி தானே நின்று போடச் சொன்ன கம்பி. வாஸ்துக்காரர் கண்ணை மூடி, இது தென்மேற்கு மூலை என்று சொன்னார். அதுவரை யாருக்கும் தெரியாதது போல.

நான் கதவைத் தட்டிப் பார்த்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. உள்ளே அவர் மூச்சு வாங்குவது கேட்டது. கனத்த உடம்பு, பிரஷர் மாத்திரை போடுகிறவர், காற்றாடி ஓடாத அறை.

"மொதலாளி, இழுக்காதீக. அப்படியே தரையில உக்காருங்க." இது நான் இல்லை. பேச்சி. பந்தியில் வைக்கிற தண்ணீர்ச் செம்போடு வந்து கதவோரம் நின்றிருந்தாள்.

"யாரு?"

"பேச்சி மொதலாளி. ஏழாம் நம்பர் ரூம்."

"எப்பத் தொறப்பாங்க? உள்ள ஒரே புழுக்கமா இருக்கு. நெஞ்சு படபடங்குது."

"எங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் மொதலாளி. கதவப் பாக்காதீக. வேற எங்கிட்டாச்சும் பாருங்க. பாத்தா இன்னும் படபடங்கும்."

அவள் குரலில் குத்தல் இல்லை. நான் நின்று கேட்டேன், சத்தியமாக இல்லை. இருபது நாளாகத் தான் கற்றுக்கொண்டதைச் சொல்லிக் கொடுத்தாள், அவ்வளவுதான். பின்னால் நின்ற கம்பெனிப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

மாடசாமி அதற்குள் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்றை எடுத்துக் கதவின் அடியில் விட்டுப் பார்த்திருந்தான். "கம்பளத்த அறுத்தாத்தான் வரும்" என்றான்.

"ஐயையோ, அது காஷ்மீரு!" என்றார் முதலாளியம்மா.

கூட்டம் அவரையே பார்த்தது. அவர் கதவைப் பார்த்தார், கதவுக்கு அடியில் தெரிந்த சிவப்பு நூலைப் பார்த்தார். உள்ளே தாலி கட்டிய புருஷன், கீழே காஷ்மீர். யோசிக்க அவருக்கு முழுசாக அரை நிமிடம் ஆனது. பிறகு, "ஓரமா மட்டும் அறுங்க" என்றார்.

மாடசாமி குப்புறப் படுத்தான். பிளேடைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவுக்கு அடியில் வாயை வைத்துக் கேட்டான்.

"மொதலாளி, ஏழாம் நம்பர் ரூம் கதவ நாளைக்கு வச்சுக்கிடுவமா?"

"வச்சுக்கலே! எல்லாத்தையும் வச்சுக்க! மொத இதத் தொற!"

ஊர் முழுக்கக் கேட்டது. கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. முதலாளி பனியனும் வேட்டியுமாக, கையில் இத்தாலிக் கைப்பிடியோடு வெளியே வந்தார். பேச்சி செம்பை நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்தார்.

பிரியும் சாலை

மறுநாள் காலை ஆறரைக்கே முதலாளி போன் செய்தார். குரலில் நேற்றையவர் இல்லை, பழைய முதலாளி திரும்பியிருந்தார்.

"ஆசாரி, வீட்டுக் கதவு அம்புட்டையும் பழையபடி வெளிய தொறக்குற மாதிரி மாத்திருங்க. அதான் நல்லது. இன்னைக்கே ஆரம்பிச்சிருங்க."

"சரி மொதலாளி. அந்த ஏழாம் நம்பர் ரூம்..."

"அது கெடக்கட்டும், சீசன் முடிஞ்சு பாப்போம். ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு."

கால் மணி நேரம் பூட்டிய அறையில் இருந்த மனிதர், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதை நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார். தன் வீட்டு அளவுக்கு.

மாடசாமி என் வண்டியில் பின்னால் உட்கார்ந்தான். நான் போனில் பேசியது அவனுக்குக் கேட்டிருக்கும். சாலை பிரிகிற இடம் வந்தது. முதலாளி வீட்டுப் பக்கம் போகாமல் வண்டியை எம். புதுப்பட்டிக்குத் திருப்பினேன். நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பேச்சி அவரிடம் பேசிய விதம் காதிலேயே இருந்தது. அந்த வீட்டுக்கு அன்று போக என்னால் முடியவில்லை.

கம்பெனியில் போர்மேன் ஒரேயடியாக மறுத்தார். "மொதலாளி சொல்லாம ரூமக் காலி பண்ண ஏலாதுய்யா. சீசன் நேரத்துல என் சீட்டக் கிழிச்சிருவாக."

"நேத்து நூறு பேருக்கு முன்னால சொன்னாரே" என்றான் மாடசாமி.

"எனக்குச் சொல்லலியே."

அப்போதுதான் வேன் வந்தது. பேச்சியும் அவளோடு ரூமில் உட்காரும் மற்ற மூன்று பெண்களும் இறங்கினார்கள். விஷயம் தெரிந்ததும் நாலு பேரும் ரூமுக்குள் போகவில்லை. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, சத்தம் இல்லை. "மொதலாளி வாயாலயே சொல்லிட்டாக, கதவு முடியட்டும், போறோம்" என்றாள் ஒருத்தி, டிபன் டப்பாவைத் திறந்தபடி.

போர்மேன் வேர்த்துப் போய் ஆபீசுக்குள் சென்று முதலாளிக்குப் போன் செய்தார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார், பழி தன் மேல் வரக் கூடாதே.

"எந்தக் கதவுய்யா?" என்றார் முதலாளி. பின்னால் அவர் வீட்டில் நிறையப் பேர் பேசும் சத்தம். விருந்தாளிகள் இன்னும் கிளம்பவில்லை போல.

"நீங்க நேத்து உள்ள இருக்கும்போது சொன்ன கதவு மொதலாளி" என்றான் மாடசாமி சத்தமாக.

அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் சட்டென்று குறைந்தது. யாரோ ஒரு பெண் சிரித்ததும் கேட்டது.

"சரி, சரி. சட்டுன்னு முடிச்சிட்டு இங்கன வரச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

ரூமைக் காலி செய்து தரையைக் கழுவிக் காயவிட்டார்கள். பித்தளைத் திருகுகளைக் கையாலேயே கழற்றினோம், பொறி பறக்கிற மெஷினுக்கு அங்கே வேலையில்லை. இறுகிய கதவை இரண்டு பேரும் தோள் கொடுத்துப் பெயர்த்து, தூரமாகத் தூக்கிப்போய் மரத்தடியில் வைத்தோம். மாடசாமி இழைப்புளியை எடுத்தான். அடியில் ஊதியிருந்த மரம் சுருள் சுருளாக வந்தது. பிறகு கட்டைக்கு ஈரம் ஏறாமல் அடியில் ஒரு கை வார்னிஷ் அடித்து வெயிலில் காயவிட்டு மாட்டினோம். அதைச் செய்யும்போதுதான் ஐந்து நாளுக்குப் பிறகு மாடசாமி என்னிடம் அளவு அல்லாத ஒன்றைப் பேசினான். "அண்ணே, டீ சொல்லவா?" என்றான்.

பேச்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். தான் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, ஒரு கையை மட்டும் வைத்துக் கதவைத் தள்ளினாள். அது வெளியே வீசித் திறந்து, சுவரில் முட்டி நின்றது. வெளியே வந்தாள். திரும்பி உள்ளே போய் உட்கார்ந்து, இன்னொரு முறை எழுந்து தள்ளி வெளியே வந்தாள். மற்ற மூன்று பேரும் அதேபோல ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து எழுந்து வந்து பார்த்தார்கள்.

நான் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நன்றி சொல்வாள் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, மறைப்பானேன். சூரியன் இன்னும் உச்சிக்கு வரவில்லை. பேச்சி அதை அண்ணாந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானாண்ணே வேல?"

வெட்கமாக இருந்தது. "ஆமாம்மா" என்றேன்.